ஒரே ஓர் எழுத்தும் குதிரையின் பின்னங்கால்களும்: ஹெர்பீஸ் வைரஸ் மரபணுக்கள் பற்றிய கேள்வி பதில்

குதிரைகளுக்குக் காய்ச்சல், கருச்சிதைவு, சில சமயம் நரம்பு நோய் தரும் குதிரை ஹெர்பீஸ் வைரஸ்-1 பற்றி, குறிப்பாக அதன் மரபணுக்கள் நோயின் கடுமையை எப்படி மாற்றுகின்றன என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கால்நடை வைரஸ் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பரிசோதனை முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் உரிமையாளர்களோடு அடிக்கடி பேச வேண்டியிருக்கிறது. பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்ததால் சில கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். வைரஸின் முழுப்பெயரை ஒவ்வொரு தடவையும் எழுதாமல் ஈ.எச்.வி-1 என்றே குறிப்பிடுகிறேன்.

கேள்வி (ராகவன், லாயம் நடத்துபவர்): சார், காய்ச்சல் வந்த ஒரு குதிரையின் மூக்குச் சளியை, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் பரிசோதனைக்கு அனுப்பினோம். "நரம்பைத் தாக்கும் வகை" என்று முடிவு வந்திருக்கிறது. மற்ற குதிரைகள் எல்லாம் முடங்கிவிடுமா?

பதில்: இல்லை, ராகவன். முதலில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். அந்த முடிவு உங்கள் குதிரையின் நரம்பைப் பற்றிச் சொல்லவில்லை. வைரஸின் ஒரு மரபணுவில், ஒரு குறிப்பிட்ட இடத்தில், எந்த எழுத்து (டி.என்.ஏ-வின் ஓர் அலகு) இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. அந்த எழுத்து இருக்கும் வைரஸ் பரவிய லாயங்களில்கூடப் பெரும்பாலான குதிரைகளுக்குக் காய்ச்சல், மூக்கொழுகல், கால் வீக்கம் என்ற அளவோடு முடிந்துவிடுகிறது. நரம்புக் கோளாறு வருவது பொதுவாக 10ல் ஒன்றுக்கு. மோசமான பரவல்களில் அதற்கும் மேலே போவதுண்டு.

ஆனால் அந்த முடிவை அலட்சியம் செய்யவும் கூடாது. இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: லாயத்தில் உள்ள எல்லாக் குதிரைகளுக்கும் காலையிலும் மாலையிலும் ஆசனவாய் வழியாக வெப்பநிலை பார்த்து எழுதி வையுங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டும் குதிரையை உடனே ஒதுக்குங்கள். தள்ளாட்டம் தெரியும் வரை காத்திருந்தால் அதற்குள் அந்தக் குதிரை பல நாள் வைரஸைக் கொட்டியிருக்கும்.

கேள்வி (கால்நடை மருத்துவ மாணவி, மூன்றாம் ஆண்டு): ஓ.ஆர்.எஃப் 30 என்ற மரபணுவில் ஒரே ஒரு மாற்றம்தான் என்று படித்தேன். ஒன்றரை லட்சம் எழுத்துள்ள மரபுத்தொகுதியில் ஓர் எழுத்து மாறினால் அவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வருகிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஈ.எச்.வி-1 இன் மரபுத்தொகுதியில், அதாவது அதன் மொத்த டி.என்.ஏ-வில், ஏறக்குறைய 1,50,000 எழுத்துகளும் 76 தனித்தனி மரபணுக்களும் உள்ளன. அவற்றில் ஓ.ஆர்.எஃப் 30 என்பது வைரஸின் டி.என்.ஏ பாலிமரேஸை, அதாவது தன் மரபுத்தொகுதியைத் தானே நகலெடுத்துக்கொள்ளும் நொதியை, உருவாக்கும் மரபணு. அதன் 2254ஆவது எழுத்தைப் பாருங்கள். அந்த நொதியைக் கட்டும் அலகுகளில் 752ஆவது அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்தின் முதல் எழுத்து அது. அங்கே 'ஏ' (அடினின்) இருந்தால் அஸ்பராஜின் உருவாகும். இதை என்752 என்கிறோம். 'ஜி' (குவானின்) இருந்தால் அஸ்பார்ட்டிக் அமிலம், இது டி752. அஸ்பராஜினுக்கு மின்னேற்றம் கிடையாது, அஸ்பார்ட்டிக் அமிலத்துக்கு எதிர் மின்னேற்றம் உண்டு. உருவத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் நகலெடுக்கும் நொதியில் ஒரு மின்னேற்றம் புதிதாக வந்து உட்கார்ந்தால் அதன் வேலை மாறிவிடும்.

இதைக் கண்டுபிடித்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஏ.பி4 என்ற வைரஸ், நரம்பு நோயால் முடங்கிய ஒரு குதிரையிலிருந்து எடுத்தது. வி592 என்பது கருச்சிதைவுகள் நடந்த ஓர் இடத்திலிருந்து வந்தது. இரண்டின் மரபுத்தொகுதியையும் வரிக்கு வரி ஒப்பிட்டபோது வித்தியாசங்கள் மிகச் சொற்பமாகவே இருந்தன. அந்தச் சொற்ப வித்தியாசங்களை வைத்துக்கொண்டு, பல நாடுகளில் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட பரவல்களின் வைரஸ்களைச் சோதித்தார்கள். நரம்பு நோயோடு சேர்ந்தே வந்தது இந்த 2254 மட்டும்தான். 2006இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

சேர்ந்து வருவது வேறு, காரணமாக இருப்பது வேறு இல்லையா? அடுத்த ஆண்டே அதற்கும் விடை வந்தது. நரம்பு நோய் தரும் வைரஸில் அந்த ஓர் இடத்தை மட்டும் டி752இலிருந்து என்752ஆக மாற்றிக் குதிரைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சலும் மூக்கொழுகலும் வந்தன. நரம்புக் கோளாறு வரவில்லை. வெள்ளையணுக்களில் இருந்த வைரஸின் அளவும் குறைந்திருந்தது. ஆக, அந்த எழுத்து வெறும் அடையாளமல்ல, நோயில் அதற்கு நேரடிப் பங்கு உண்டு.

கேள்வி (அதே மாணவி): அப்படியானால் டி752 வைரஸ் நரம்பு செல்லுக்குள் வேகமாகப் பெருகுகிறதா?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெயரில் "நரம்பு" இருப்பதால் வரும் குழப்பம். இந்த நோயில் அடிபடுவது முதலில் நரம்பு செல்லே அல்ல, தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னச் சின்னக் குழாய்கள்.

வைரஸ் மூக்கின் உட்சவ்வில் இறங்குகிறது. ஒன்றிரண்டு நாளில் பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போகிறது. அங்கிருந்து வெள்ளையணுக்களுக்குள் ஒளிந்துகொண்டு ரத்தத்தில் உடல் முழுக்கச் சுற்றுகிறது. இந்தக் கட்டத்துக்கு வைரீமியா என்று பெயர். வெள்ளையணுவுக்குள் இருப்பதால் எதிர்ப்பொருள்கள் அதைத் தொட முடிவதில்லை. தடுப்பூசி போட்ட குதிரைக்கும் வைரீமியா வருவது இதனால்தான். அந்த வெள்ளையணு தண்டுவடத்திலோ கருப்பையிலோ உள்ள ரத்தக்குழாயின் உட்சுவரை ஒட்டும்போது வைரஸ் அந்தச் சுவரின் செல்லுக்குத் தாவுகிறது. சுவர் வீங்குகிறது, ரத்தம் உறைகிறது, அதற்கு அப்பால் உள்ள தண்டுவடப் பகுதிக்கு ஆக்சிஜன் போகாமல் செல்கள் சாகின்றன.

டி752 வைரஸ் செய்வது, ரத்தத்தில் இந்தச் சுமையை ஏற்றுவதும் நீட்டுவதும்தான். பரிசோதனை முறையில் தொற்று ஏற்படுத்திய குதிரைகளில், டி752 வகை கிடைத்தவற்றின் ரத்தத்தில் வைரஸ் ஏறத்தாழ 10 மடங்கு அதிகமாக இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். சுற்றிவரும் வைரஸ் அதிகமாக இருந்தால், அதிக நாள் இருந்தால், ஏதாவது ஒரு குழாயில் பற்றிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம்.

தொற்றிய 6 முதல் 10 நாளுக்குள், பல சமயம் காய்ச்சல் அடங்கிய பிறகு, அறிகுறி தெரியும். பின்னங்கால் குளம்பு தரையில் உரசும், திருப்பினால் கால் பின்னிக்கொள்ளும். வாலைத் தூக்கிப் பார்த்தால் எதிர்ப்பே இல்லாமல் துவண்டு கிடக்கும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வடிந்து பின்தொடை நனைந்திருக்கும். சில குதிரைகள் நாய் உட்காருவதைப்போல் முன்கால் ஊன்றிப் பின்பக்கம் அமர்ந்துவிடும். எழவே முடியாமல் படுத்துவிட்டால் பிழைப்பது மிகக் கஷ்டம்.

கேள்வி (சவாரிப் பயிற்சியாளர் மீனா): எங்களுக்கு வந்த முடிவில் என்752 என்று இருக்கிறது. அப்படியென்றால் கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாமா?

பதில்: வேண்டாம் மீனா. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போவதானால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

2011இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் நகரில் ஒரு பெரிய போட்டி நடந்தது. அங்கிருந்து ஊர் திரும்பிய குதிரைகள் வழியாக 10 மாநிலங்களில் 90 குதிரைகளுக்குத் தொற்று உறுதியானது. 33 குதிரைகளுக்கு நரம்பு நோய், 13 குதிரைகள் இறந்தன. அங்கே பரவியது டி752. சரி, எதிர்பார்த்ததுதான் என்று தோன்றும். 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில், தடைதாண்டும் போட்டிக்கு வந்திருந்த குதிரைகளிடையே இன்னொரு பரவல். 18 குதிரைகள் இறந்தன. ஐரோப்பாவின் பல நாடுகளில் சர்வதேசப் போட்டிகளையே வாரக்கணக்கில் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த வைரஸின் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது 2254ஆம் இடத்தில் இருந்தது 'ஏ'. அதாவது என்752.

நரம்பு நோய் கண்ட குதிரைகளில் நாலில் ஒன்று வரை என்752 வைரஸ் இருந்ததாகவும் ஆய்வு உண்டு. "நரம்பைத் தாக்கும் வகை", "தாக்காத வகை" என்று பெயர் வைத்ததே தப்பான நிம்மதியைத் தருகிறது என்பது என் கருத்து. டி752 என்றால் ஆபத்து கூடுதல். என்752 என்றால் ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. எந்த வகையானாலும் ஒதுக்கி வைப்பது, வெப்பநிலை பார்ப்பது, குதிரைகளை வெளியே அனுப்பாமல் இருப்பது எல்லாம் ஒன்றேதான். கடைசிக் குதிரைக்குக் காய்ச்சல் நின்று 21 நாள் ஆகும் வரை கதவைத் திறக்காதீர்கள்.

கேள்வி (உயிர்த்தொழில்நுட்பம் படித்த அருண்): எல்லாரும் பாலிமரேஸ் பற்றியே பேசுகிறார்கள். மீதி 75 மரபணுக்களுக்குக் கடுமையில் பங்கே இல்லையா?

பதில்: நிறையவே இருக்கிறது அருண். பரிசோதனை வசதியாக இருப்பதால் ஓ.ஆர்.எஃப் 30க்குப் புகழ் போய்விட்டது, அவ்வளவுதான்.

தடுப்பூசிக்குப் பயன்பட்ட ராக்-எச் என்ற வைரஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். பன்றிச் சிறுநீரகச் செல்களில் 256 முறை வளர்த்து வளர்த்து வீரியம் குறைக்கப்பட்டது அது. எது போனதால் அது சாதுவானது என்று தேடினார்கள். ஐ.ஆர்.6 என்ற மரபணு வைரஸில் இரண்டு பிரதிகளாக இருக்கும். ராக்-எச் இரண்டையும் இழந்திருந்தது. அந்த மரபணுவைத் திரும்பச் சேர்த்தபோது வீரியமும் திரும்பியது. சாதுவான இன்னொரு வகை கே.ஒய்.ஏ. அதில் ஜி.இ, ஜி.ஐ என்ற இரண்டு உறைப்புரதங்களும் (வைரஸின் வெளியுறையில் இருக்கும் புரதங்கள்) இல்லை. இவை இரண்டும் வைரஸ் ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு வெளியே வராமலே நகர உதவுபவை. ஜி.பி.2 என்ற இன்னொரு உறைப்புரதமும் கே.ஒய்.ஏ-வில் முழு நீளத்தில் கிடையாது. எலிகளில் செய்த சோதனைகளில் முழு ஜி.பி.2 இருக்கும் வைரஸ் நுரையீரலில் கடும் அழற்சியைக் கிளப்புகிறது.

அப்புறம், உடலின் கண்ணில் மண்ணைத் தூவும் மரபணுக்கள். தொற்றிய செல் தன் மேற்பரப்பில் எம்.எச்.சி-1 என்ற மூலக்கூற்றின் மேல் வைரஸின் துண்டுகளைக் காட்டும். அதைப் பார்த்துத்தான் கொல்லும் டி-செல்கள் வந்து அந்தச் செல்லை அழிக்கும். ஓ.ஆர்.எஃப் 1 உருவாக்கும் புரதம் அந்த எம்.எச்.சி-1ஐ மேற்பரப்பிலிருந்து இறக்கிவிடுகிறது. வேறொரு புரதம், துண்டுகளை ஏற்றும் பாதையையே அடைக்கிறது. ஜி.ஜி என்ற புரதம் செல்லுக்கு வெளியே சுரந்து, பாதுகாப்பு அணுக்களை அழைக்கும் கீமோகைன்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஓ.ஆர்.எஃப் 1, 2 இரண்டையும் நீக்கிய வைரஸைக் குதிரைகளுக்குக் கொடுத்தபோது இரண்டாவது சுற்றுக் காய்ச்சல் குறைந்தது, மூக்கு வழியாக வெளியேறிய வைரஸும் குறைந்தது. இவ்வளவுக்கும் பாலிமரேஸைத் தொடவே இல்லை!

இன்னொரு விஷயம் எனக்கு இன்றுவரை வியப்புத் தருவது: செல்லுக்குள் நுழைய இந்த வைரஸின் ஜி.டி புரதம் பிடிக்கும் கதவுகளில் ஒன்று அதே எம்.எச்.சி-1 தான். எதன் வழியாக உள்ளே வருகிறதோ, வந்த பிறகு அதையே இறக்கிவிடுகிறது.

கேள்வி (ஸ்டெல்லா, இரண்டு குதிரை வளர்ப்பவர்): பக்கத்துப் பக்கத்துக் கொட்டில், ஒரே வைரஸ். என் 19 வயதுப் பெட்டை விழுந்துவிட்டது, 2 வயதுக் குட்டிக்கு மூக்கு மட்டும் ஒழுகியது. வைரஸின் மரபணு ஒன்றுதானே?

பதில்: ஒன்றுதான். உங்கள் பெட்டைக்கு நேர்ந்தது வருத்தமாக இருக்கிறது, ஸ்டெல்லா. மரபணு எவ்வளவு தூரம் விளக்கும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு உங்கள் லாயமே சாட்சி. நரம்பு நோய் வயதான குதிரைகளிடம் தெளிவாகவே அதிகம். 20 வயது தாண்டிய பெட்டைகளிடம் சோதனைகளில்கூட இது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. இளம் குதிரைகளுக்கு மூச்சுப்பாதைச் சிக்கல்தான் பெரும்பாலும். ஆண் குதிரைகளைவிடப் பெட்டைகளுக்கு ஆபத்து கூடுதல் என்று பல பரவல்களில் பதிவாகியிருக்கிறது. மட்டக் குதிரைகளுக்கு இது அபூர்வம். காய்ச்சல் உயரமாகவும் பல நாளும் இருந்த குதிரை அடுத்து விழும் குதிரையாக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் எதையோ கவனிக்காமல் விட்டதால் அது விழவில்லை.

கேள்வி (இனப்பெருக்கப் பண்ணையில் வேலை செய்பவர்): சினைக் குதிரைகள் கருவை இழப்பதற்கும் இந்த டி752க்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நேரடியாகச் சொல்ல முடியாது. இரண்டு வகையும் கருச்சிதைவை உண்டாக்கும், எண்ணிக்கையில் என்752தான் அதிகம். நடப்பது தண்டுவடத்தில் நடப்பதேதான், இடம் மட்டும் வேறு: கருப்பையின் ரத்தக்குழாய்கள். பெரும்பாலும் சினையின் கடைசி மூன்றில் ஒரு பங்கில், முன்னறிகுறி எதுவும் இல்லாமல் நடக்கும். விழுந்த கருவும் நச்சுக்கொடியும் வைரஸ் நிறைந்தவை. கையுறை போடாமல் தொடாதீர்கள். அந்தக் கொட்டிலில் வேலை பார்த்தவர் அதே உடையோடு அடுத்த சினைக் குதிரையிடம் போகக் கூடாது. மனிதருக்கு இந்த வைரஸ் தொற்றாது, ஆனால் நம் கையும் பூட்ஸும் அதைச் சுமந்து போகும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): வைரஸ் காலப்போக்கில் மோசமாகிக்கொண்டு வருகிறதா? புதிய மாற்றங்கள் வருமா?

பதில்: அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பல பத்தாண்டுகளாகச் சேமித்து வைத்திருந்த கருச்சிதைவு மாதிரிகளைத் திரும்ப எடுத்துச் சோதித்தார்கள். 1960களில் டி752 மிக அரிது. 2000க்குப் பிறகு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. பெருகியிருக்கிறது என்பது உண்மை.

அதே 2254ஆம் இடத்தில் 'ஏ'யும் இல்லாமல் 'ஜி'யும் இல்லாமல் 'சி' இருக்கும் வைரஸ் பிரான்ஸில் 2018இல் கிடைத்தது. அப்போது 752இல் ஹிஸ்டிடின் வந்துவிடும். இரண்டு எழுத்துகளை மட்டுமே தேடும் பழைய பி.சி.ஆர் முறைக்கு இதை இனங்காண்பது சிரமம். முடிவில் "வகை தெரியவில்லை" என்று வந்தால் ஆய்வகம் சொதப்பிவிட்டது என்று நினைக்காமல், மரபணுவைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹெர்பீஸ் வைரஸ்கள் ஒன்றோடொன்று துண்டுகளையும் மாற்றிக்கொள்ளும். ஜெர்மனியின் வுப்பர்டால் விலங்குக் காட்சி சாலையில் 2010இல் ஒரு துருவக் கரடி மூளை அழற்சியால் இறந்தது. அதனிடம் கிடைத்தது, ஈ.எச்.வி-1ம் அதன் உறவான ஈ.எச்.வி-9 என்ற ஹெர்பீஸ் வைரஸும் கலந்து உருவான ஒரு வைரஸ். குதிரைக் குடும்பத்துக்கு வெளியே இப்படித் தாவியதை நினைத்தால் எனக்கு இப்போதும் கலக்கமாக இருக்கிறது.

கேள்வி (மீனா மறுபடியும்): வகையைப் பார்த்து மருந்து மாறுமா? தடுப்பூசி இதைத் தடுக்குமா?

பதில்: மருந்து மாறாது. வலாசைக்ளோவிர், கான்சைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகளைக் காய்ச்சல் கட்டத்திலேயே தொடங்கினால் பலன் எதிர்பார்க்கலாம். கால் விழுந்த பிறகு தொடங்கினால் பலன் சொற்பம். சாதாரண அசைக்ளோவிர் மாத்திரை குதிரையின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும், அதை நம்ப வேண்டாம். அழற்சியைக் குறைக்கவும் ரத்தம் உறைவதைத் தடுக்கவும் தரும் மருந்துகளை மருத்துவர் முடிவு செய்வார். தடுப்பூசி வைரஸ் வெளியேறுவதைக் குறைக்கும், அதனால் லாயம் முழுக்கப் பரவும் வேகம் குறையும். நரம்பு நோயைத் தடுக்கும் என்று உரிமம் பெற்ற தடுப்பூசி எதுவும் இல்லை.

கேள்வி (ராகவன்): கடைசியாக ஒன்று சார். அந்தக் குதிரை இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் வைரஸ் உள்ளேயே தங்கிவிடும் என்கிறார்கள். அதை வைத்துக்கொள்ளலாமா, விலக்கிவிட வேண்டுமா?

பதில்: தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வைரஸ் நிணநீர் அணுக்களிலும் முகத்தின் முப்பெரு நரம்பு முடிச்சிலும் தூங்கிக்கொண்டு இருக்கும், வாழ்நாள் முழுக்க. ஆனால் உங்கள் லாயத்தில் உள்ள மற்ற குதிரைகளில் பலவற்றுக்குள்ளும் ஏற்கனவே ஈ.எச்.வி-1 இருக்கத்தான் வாய்ப்பு; பெரும்பாலான குதிரைகள் குட்டியாக இருக்கும்போதே தாயிடமிருந்தோ கூட்டாளிகளிடமிருந்தோ வாங்கிவிடுகின்றன. கென்டக்கியில் சோதித்த பெட்டைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் நிணநீர் முடிச்சுகளில் வைரஸ் இருந்தது. சிலவற்றில் டி752, என்752 இரண்டும் ஒரே உடலுக்குள். ஒரு குதிரையை வெளியேற்றி லாயத்தைச் சுத்தமாக்கிவிட முடியாது.

தூங்கும் வைரஸை எழுப்புவது நீண்ட பயணம், கூட்டத்தோடு கலப்பது, பால்மறக்கச் செய்வது, வேறு நோய், அதிக அளவு ஸ்டீராய்டு இவைதான். அந்தக் குதிரையை எங்காவது ஏற்றிப் போனால் திரும்பிய பிறகு இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டி, வெப்பநிலை பாருங்கள். எப்போதாவது ஸ்டீராய்டு போட நேர்ந்தால் மருத்துவரிடம் இந்தத் தொற்றைச் சொல்லிவிடுங்கள். மறுபடியும் காய்ச்சல் வந்தால் மூக்குச் சளிக்குச்சியோடு இ.டி.டி.ஏ குப்பியில் (ரத்தம் உறையாமல் காக்கும் குப்பி) ரத்தமும் சேர்த்து அனுப்புங்கள். மூக்கில் வைரஸ் தீர்ந்த பிறகும் வெள்ளையணுக்களில் இருக்கும், சளி மட்டும் வந்தால் எங்களுக்கு அது தெரியாமல் போய்விடும்.